பேயும் பெயரும்

நள்ளிரவு. மழை ஓய்ந்த வானம். முட்புதர் மண்டிய வெட்டவெளியில், சல்லியும் சிமெண்டும் வெடித்துக் கிடக்கும் நீண்ட பாதை. ஊர் உறங்குகிறது; நாய்கள் உறங்கவில்லை. எங்கிருந்தோ ஒரு முழக்கம், தொலைவில் விமானம் வருவது போல! அண்ணாந்து பார்த்தால் விளக்கில்லை, விமானமில்லை. முழக்கம் மட்டும் தலைக்கு மேலே வந்து, தாழ்ந்து, அடங்கிவிடுகிறது. பாதையின் மறுகோடியில் தொப்பியணிந்த ஓர் உருவம் நடந்து வருகிறது. கால்? அதுதான் இல்லை!

கதை இப்படித்தான் தொடங்கும், நண்பர்களே. போர் முடிந்து கைவிடப்பட்ட விமானத் தளங்களைச் சுற்றி இத்தகைய கதைகள் வளர்கின்றன. இங்கிலாந்திலே வளர்கின்றன, ஸ்காட்லாந்திலே வளர்கின்றன, நம் நாட்டிலும் வளர்கின்றன. நாடு வேறு, மொழி வேறு. கதையின் எலும்புக்கூடு ஒன்றே. இறந்த விமானி திரும்பி வருவான், எதையோ தேடுவான், விடியுமுன் மறைவான்.

சிரித்துவிட்டுப் போகலாம். “பேயாவது, பிசாசாவது!” என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். பகுத்தறிவாளனுக்கு அது போதாது. இல்லாத ஒன்றை இருப்பதாக மக்கள் ஏன் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்கிறார்கள், யாரைப்பற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏலமலைச் சரிவிலிருந்து புறப்படுவோம்.

தண்டவாளம் போன ஊர்

போடிநாயக்கனூரில் விமானத் தளம் அமைக்கப்படவில்லை. மேற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் மலை. மலைமேல் ஏலத் தோட்டம். அடிவாரத்திலே ஏலக்காய் வாணிகம். இதுதான் ஊர். 1928ஆம் ஆண்டு மதுரையிலிருந்து அங்கே இரயில் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியே தொங்கி இறங்கிய தேயிலைக்கும், மலைப்பாதையில் சுமந்து இறக்கிய ஏலக்காய் மூட்டைக்கும் வெளியுலகைக் காட்டிய பாதை அது. எத்தனை ஆண்டுகள்? பதினான்கே ஆண்டுகள்! 1942இல் வெள்ளையர் அரசு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தது. போருக்கு இரும்பு வேண்டுமாம்! போடி மக்களைக் கேட்டா போர் தொடங்கினார்கள்? பெயர்த்த பாதை மீண்டும் பதிக்கப்பட 1950களின் நடுப்பகுதி வரை அந்த மக்கள் காத்துக் கிடந்தனர். அகலப்பாதை அமைப்பதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் நிறுத்தப்பட்ட இரயில், 2023 ஜூனில்தான் போடியைத் திரும்பக் கண்டது.

அந்த 1942 எப்படிப்பட்ட ஆண்டு! பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் போயிற்று. ஏப்ரல் 5இல் கொழும்பின்மீது குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்தின் மீதும் காக்கிநாடாவின் மீதும். 9இல் திரிகோணமலை மீது. சென்னையில் பெட்டி படுக்கையுடன் மக்கள் ஓடினர். சூரியன் மறையாத பேரரசு என்று மார்தட்டியவர்கள் அவசர அவசரமாக ஓடுபாதை தேடினார்கள். இந்தியா எங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத் தளங்களுக்குத் திட்டமிடப்பட்டது. தமிழகத்தில் மதுரை, அரக்கோணம், சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு என்று பனங்காட்டிலும் புன்செயிலும் நீண்ட நேர்கோடுகள் விழுந்தன.

கோடு கிழித்தவர் பொறியாளர். அந்தக் கோட்டின் மேலே மண் கொட்டியவர் யார்? கல் உடைத்தவர் யார்? கூடை சுமந்த தாய் யார்? எவருடைய கம்பங்கொல்லை அந்த ஓடுபாதையின் அடியிலே புதைந்தது? போர் முடிந்தது. விமானங்கள் போயின. சில தளங்கள் வாழ்ந்தன: மதுரை பயணிகள் நிலையமாயிற்று, அரக்கோணத்தில் 1992இல் கடற்படை விமானத் தளம் எழுந்தது, சோழவரத்தின் ஓடுபாதையிலே மோட்டார்ப் பந்தயம் நடந்தது. மற்றவற்றில் முள் முளைத்தது. முள் முளைத்த இடத்திலே கதையும் முளைத்தது!

பரணியிலும் பேய்தான்

போர் நடந்த இடத்தில் பேயைக் குடிவைப்பது தமிழனுக்குப் புதிதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் புரட்டிப் பாருங்கள். முதற் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கம் சென்று வென்ற கதை. களத்திலே பேய்கள் கூழ் சமைக்கின்றன, பரிமாறுகின்றன, உண்டு களித்து மன்னனை வாழ்த்துகின்றன. மன்னனுக்குப் பெயர் உண்டு. படைத்தலைவனுக்குப் பெயர் உண்டு. பேய்களின் தேவிக்கும் பெயர் உண்டு. கூழாகிப் போனவனுக்கு? அவன் பெயரை எந்தத் தாழிசையும் தாங்கவில்லை.

இங்கேதான் நூல்முனை கிடைக்கிறது. செத்தவனுக்குப் பெயரும் கணக்கும் இல்லாத இடத்திலே பேய் குடியேறுகிறது.

கயத்தாற்றையே பாருங்கள். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. கொடுஞ்சாவுதான், அகாலச் சாவுதான். பேய்க்கதைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆயினும் அங்கே எழுந்தது நினைவுச் சின்னம். சிவாஜி கணேசன் முயற்சியால் எழுந்தது சிலை. ஏன்? கட்டபொம்மனை யார் கொன்றார், எதற்காகக் கொன்றார், எந்த நாளில் கொன்றார் என்பது ஊருக்குத் தெரியும். அதே கயத்தாற்றில் போர்க்காலத்து ஓடுபாதையும் இருக்கிறது. அதில் மண் சுமந்தவரின் பெயரைத் தாங்கிய சிலை எது?

பசைக்குள் இருந்த பேய்

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று தருகிறேன். ஸ்காட்லாந்தில் மாண்ட்ரோஸ் என்றோர் ஊர். பிரிட்டனின் மிகப் பழைய படைவிமானத் தளங்களுள் ஒன்று அங்கே இருந்தது. 1913 மே 27 அன்று டெஸ்மண்ட் ஆர்தர் என்ற அயர்லாந்து நாட்டு லெப்டினண்ட் தன் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது, வானத்திலேயே இறக்கை முறிந்து, விழுந்து மாண்டார்.

விசாரித்தார்கள். இறக்கைக்குள் இருந்த கட்டை முன்பே உடைந்திருக்கிறது. யாரோ அதை அரைகுறையாக ஒட்டி, மேலே புதுத்துணி போர்த்தி, எவரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார் என்று பிரிட்டிஷ் விமானக் கழகத்தின் விசாரணை கண்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1916இல், படைவிமானத் துறையின்மேல் நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு எழவே, அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் இடைக்கால அறிக்கை, மோசமான பழுதுபார்ப்பு என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. அப்படியானால் குற்றம் யாருடையது? செத்தவனுடையது! அவன் திரும்பிவந்து மறுக்கப் போவதில்லை அல்லவா?

அந்த இலையுதிர் காலத்திலேதான் மாண்ட்ரோஸ் தளத்தில் பேய் உலவியதாம். அதிகாரிகளின் உணவு விடுதியை நோக்கி நடந்து, வாயிலருகே மறைந்ததாம். ஆண்டின் இறுதியில் குழுவின் முடிவான அறிக்கை வந்து, பழைய கண்டுபிடிப்புக்கு மறுபடி இடம் தந்தது. 1917 ஜனவரிக்குப் பிறகு பேயைக் காணோமாம்! இந்தக் கதை விமான இதழ் ஒன்றில் ஏறிப் பரவியது போர் முடிந்தபின், 1920இல்.

கதை சொல்பவர்கள் தரும் காலக் கணக்கே கதையை உடைக்கிறது, கவனித்தீர்களா? அறிக்கை பொய்த்தபோது பேய் வந்தது. அறிக்கை திருந்தியபோது பேய் போயிற்று. அங்கே உலவியது ஆவியா? இல்லை. தோழனுக்கு இழைக்கப்பட்ட அநீதி, அந்தத் தளத்தில் இருந்த இளைஞர்களின் நெஞ்சிலே உலவிற்று. நாளைக்குத் தாம் ஏறப்போகும் விமானத்திலும் ஒட்டுக்கட்டை இருக்குமோ என்ற அச்சம் அவர்களது இரவிலே உலவிற்று. உண்மையான பேய் விடுதி வாயிலில் இல்லை. அந்த இறக்கையின் பசைக்குள் இருந்தது!

ஏலமலையில் விழுந்த விமானம்

ஸ்காட்லாந்திலிருந்து நம் மலைக்குத் திரும்புவோம். போர்க்காலத்துத் தளமாகப் பிறந்து பயணிகள் நிலையமான மதுரையை நோக்கி, 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விமானம் வந்தது. ஆவ்ரோ என்று மக்கள் அழைத்த எச்.எஸ். 748 வகை. இந்தியன் ஏர்லைன்சுக்குச் சொந்தமானது. போடிக்குத் தெற்கே, சின்னமனூரை அடுத்த மலையில், பார்வை மறைத்த வானிலையில் இறங்கி வருகையில் அது மோதிற்று. உள்ளே இருந்தவர் 31 பேர். மாண்டவர் 21 பேர். விமானத்தை ஓட்டிவந்த பணியாளர் நால்வரும் அதில் அடக்கம்.

மேகம் மூடிய மலை, முறிந்த விமானம், கொத்தாகச் சாவு. “மலை காவு கேட்டது” என்று சொல்ல நம் நாட்டில் நாக்குகளுக்கா பஞ்சம்? சொன்னால் என்ன கிடைக்கும்? ஒரு சேவற்கோழியின் தலை கீழே விழும். அடுத்த விமானத்துக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா?

மேகத்துக்குள் மலை இருப்பதை அறியாமல், நல்ல நிலையில் உள்ள விமானம் நேரே போய் மோதுகிற விபத்து அந்நாளில் உலகெங்கும் நடந்தது. ஆய்ந்தவர்கள் காவு என்று எழுதவில்லை. “தரை நெருங்குவதை ஓட்டுநருக்கு எப்படி உரக்கச் சொல்வது?” என்று கேட்டனர். கனடாவில் பிறந்த டான் பேட்மன் என்ற பொறியாளர், தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை வடிவமைப்பதில் முன்னின்றார். 1974இல் அமெரிக்கா பெரிய பயணிகள் விமானங்களில் அதைக் கட்டாயமாக்கிற்று. பின்னர் உலகம் அதைப் பின்பற்றியது. அவ்வகை விபத்துகள் பெரிதும் குறைந்தன. விசாரணை கருவியைப் பெற்றது. கருவி உயிரைக் காத்தது. பூசை எதைப் பெற்றது?

அதே மலைத்தொடரில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீ பரவி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு, அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அமர்த்தியது. எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது, யார் அழைத்துச் சென்றார், யார் எச்சரித்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் எழுந்தன. எழ வேண்டிய கேள்விகள் அவை. நாளைக்கு எவனாவது வந்து, “குரங்கணியில் இரவில் அலறல் கேட்கிறது” என்று திகில் கதை விற்றால், தோழர்களே, அவனிடம் அந்தக் கேள்விகளை நீட்டுங்கள். அலறலைக் கேட்டவனுக்கு அறிக்கையைப் படிக்க நேரமில்லையா?

கண்டதும் கேட்டதும்

“அப்படியானால் நான் கேட்ட ஓசை? நான் கண்ட உருவம்?” என்று கேட்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது மெய்யாக இருக்கலாம். சொன்ன காரணம் பொய்.

தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. மேலே உள்ள காற்று வெம்மையாகவே இருக்கிறது. அப்போது மேலே செல்ல வேண்டிய ஒலி வளைந்து கீழே வருகிறது. பகலில் கேளாத தொலைவு ஓசை இரவில் அருகே கேட்கும். போடிமெட்டுச் சாலையில் ஏறும் ஒரு லாரியின் உறுமல், அடிவாரத்துப் படுக்கையிலே விமானமாக மாறுவதற்கு வேறென்ன வேண்டும்?

மலைமுகட்டில் காலை வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தில் மூடுபனி நிற்கும்போது, உங்கள் நிழலே பேருருவாய்ப் பனியின்மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். நீங்கள் கையசைத்தால் அதுவும் கையசைக்கும். ஜெர்மனியில் புரோக்கன் என்ற மலையில் இதைக் கண்டு, அம்மலையின் பெயராலேயே விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். தன் நிழலுக்குத் தானே அஞ்சுவதென்றால் இதுதான்!

உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே மூளை விழித்து, உடல் விழிக்காதபோது, மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்தது போலிருக்கும். நம் பாட்டிமார் அதற்கு அமுக்குவான் என்று பெயரிட்டனர். மருத்துவர்கள் உறக்க வாதம் என்கின்றனர்.

மலைக்காய்ச்சலை மறக்கலாமா? ஏலமலைக்குக் கூலிக்குப் போன ஏழை, குளிரில் நடுங்கி, சூட்டில் பிதற்றியபோது மலைப்பேய் பிடித்தது என்றனர். 1897இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். உலகப்போரில் படைகளைக் காக்கப் பயன்பட்ட டி.டி.டி. மருந்து, 1953இல் இந்தியா தொடங்கிய மலேரியா ஒழிப்புப் பணியில் ஊர் ஊராகத் தெளிக்கப்பட்டது. காய்ச்சல் தணிந்தது. உடுக்கையடித்து ஓட்ட முடியாத பேய், மருந்தடித்ததும் ஓடியது!

பேய்க்கு விலை கொடுப்பவர்

“கதைதானே, கேட்டுவிட்டுப் போகட்டுமே!” என்பாரும் உளர். அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

மேற்கு வங்கத்தில் பேகுன்கோடோர் என்றோர் இரயில் நிலையம். வெள்ளைச் சேலைப் பேய் உலவுகிறது என்ற வதந்தியால் 1967இல் மூடப்பட்டது, 2009இல்தான் திறந்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்த வட்டாரத்து ஏழை வேறு நிலையத்துக்கு நடந்தான். போடியின் இரயிலைப் போர் பறித்தது. அந்த ஊரின் இரயிலைப் பேய் பறித்தது! 2017இல் பகுத்தறிவாளர் குழுவொன்று கருவிகளோடு ஓர் இரவு அங்கே தங்கி, பேயெதுவும் இல்லை என்று உலகுக்குச் சொன்னது.

மற்றொன்று நம் மண்ணில் நடந்தது. எழுதக் கை நடுங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்கவைத்த கொட்டகையில் விடியற்காலை தீப்பிடித்தது. ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது எது? நோயைப் பேய் என்று நம்பிய நம்பிக்கை. கோயிலோ, தர்காவோ, தேவாலயமோ, பேயோட்டும் சங்கிலிக்கு மதபேதம் இல்லை. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி, திண்ணையில் சிரித்துக்கொண்டு சொல்லப்படும் பேய்க்கதையிலே வார்க்கப்படுகிறது.

நடுகல் நாட்டியவர் நாம்

ஆனால் ஒன்று. ஏழை சொல்லும் பேய்க்கதையை ஏளனம் செய்வது நம் வேலையன்று. கொலையுண்டவன் தெய்வமாகி நிற்கும் தென்பாண்டிக் கதைப்பாடல்களை நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்தார். முத்துப்பட்டன் கதை போன்ற அந்தப் பாடல்களைப் படித்தால் தெரியும்: சாதியின் பெயரால், அதிகாரத்தின் பெயரால் அழிக்கப்பட்டவர்களே அங்கே எழுந்து நிற்கின்றனர். எந்த மன்றமும் ஏற்காத மனு, ஆவியாக அலைகிறது. அதை மனுவாகப் படியுங்கள், பேயாக வணங்காதீர்கள்.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, மறைந்த நாள். அது தக்க மரியாதை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஓடுபாதைக்கு மண் சுமந்தவனின் கல் எங்கே?

போடியில் தண்டவாளத்தைப் பெயர்த்த அதே 1942இல், சயாமிலிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் பதிக்க ஜப்பானியப் படை தொடங்கியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றனர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. கைதிகளாக வந்த நேசநாட்டு வீரர் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டனர். காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் மாண்டிருப்பர் என்று கணிக்கின்றனர். கணிக்கத்தான் முடிகிறது, எண்ண முடியவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், அங்கே மாண்ட தமிழர்க்குத் தமிழர்களே காஞ்சனபுரியில் நடுகல் எழுப்பினர்.

நடுகல்! எவ்வளவு பழைய சொல்! அதன் பழமைக்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. போடி அமைந்துள்ள அதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பகுதியில், புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை. ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரை, ஊரை, காரணத்தை ஒரு கல் இன்றும் சொல்கிறது. வேந்தனல்லன் அவன், வீட்டுக்கு ஒருவன் போன்றவன். இந்தப் பள்ளத்தாக்கின் முன்னோர், செத்தவன் எப்படிச் செத்தான் என்று கல்லிலே எழுதி வைத்தனர்.

அந்த மரபில் வந்தவர்கள் நாம்! ஆகவே, தோழர்களே, உங்கள் ஊருக்கருகே கைவிடப்பட்ட ஓடுபாதை இருந்தால் ஓர் இரவு அங்கே தங்கிப் பாருங்கள். நரி வரும், ஆந்தை வரும், பேய் வராது. பொழுது விடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆவணக் காப்பகத்துக்குப் போய், நிலம் எடுத்த கோப்புகளைக் கேளுங்கள். முதியவர்களிடம், அவர்கள் தம் பெற்றோரிடம் கேட்ட செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். யாருடைய நிலம், என்ன இழப்பீடு, யார் மண் சுமந்தார், யார் திரும்பவில்லை என்று பெயர் பெயராகத் திரட்டுங்கள்.

பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். ஒரு கல் நடுங்கள்.